கணக்கில் சேராத இரண்டு துண்டுகள்

இருபது தேய்ப்பு ஒரு திசையில். கழுவி, விரலால் வழித்து, ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, கால் வட்டம் திருப்பிப் பிடித்துக்கொண்டு மறுபடி இருபது. இதைத் தெய்வசிகாமணி எண்ண வேண்டியதில்லை. இருபத்தாறு வருஷப் பழக்கத்தில் கையே எண்ணிக்கொள்ளும், தப்பாது. இந்த வேலையில் அதுதான் தொல்லை. கைக்கு வேலை இருக்கிறது, கண்ணுக்குக் கொஞ்சம் இருக்கிறது, மனசுக்கு ஒன்றுமே இல்லை. குழாயிலிருந்து நூல் பிடித்தாற்போல் தண்ணீர் உப்புத்தாளின்மேல் விழுந்து, கறுப்பாக வழிந்து, தொட்டியின் ஓட்டைக்குள் போய்க்கொண்டிருந்தது. மணி இரண்டு பத்து. கையில் இருந்தது பணியாரம் அளவுக்கு ஒரு கண்ணாடிப் பிசின் வில்லை. அதற்குள் ஒரு கறுப்புத் துண்டு, இலந்தைக் கொட்டை நீளத்துக்கு. உடைந்துபோன ஒரு செயற்கைப் பாதத்திலிருந்து காலையில் அவரே அறுத்து எடுத்தது. கார்பன் பாதம். அதன் சொந்தக்காரி வெளியே வரவேற்பறை நாற்காலியில் இரண்டு ஊன்றுகோல்களையும் சுவரில் சாய்த்துவிட்டு உட்கார்ந்திருக்கிறாள். வால்பாறை எஸ்டேட்டில் தேயிலை பறிக்கிறவள், சலேத்மேரி என்று பேர். தபாலில் அனுப்பினால் போதும் என்று சொல்லியும் கேட்காமல், உடைந்த காலைத் துணிப்பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு, நாற்பது கொண்டை ஊசி வளைவு இறங்கி, பொள்ளாச்சியில் பஸ் மாறி, கோயம்புத்தூருக்கு வந்து, இந்தப் பரிசோதனைக் கூடத்தைத் தேடிக் கண்டுபிடித்துவிட்டாள். பையைக் கொடுக்கும்போது, பள்ளிக்கூடத்தில் சிலேட்டை உடைத்துவிட்ட பிள்ளை மாதிரி, மன்னிச்சுக்கங்க அண்ணே என்றாள். எதற்கு மன்னிப்பு என்று அவர் கேட்கவில்லை. பையில் இருந்த பாதத்தைத் திருப்பி, குதிகால் பக்கம் பொறித்திருந்த எண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த எண்ணில் நடுவில் இருக்கிற நான்கு இலக்கம் எந்த வார்ப்பு, எந்தத் தடவை சேர்த்துச் செய்த கால்கள் என்று சொல்லும். அந்த நான்கு இலக்கத்தை அவர் மூன்று வருஷமாக மறக்க முயற்சி செய்துகொண்டிருக்கிறார். காலையிலிருந்து இதுவரை அவளோடு இரண்டு வார்த்தை பேசியிருப்பார், தண்ணி வேணுங்களா, ஃபேன் போடட்டுங்களா. கையைத் திருப்பு. இருபது.

பழைய கீறல் ஒன்றுகூட மிஞ்சக் கூடாது, மிஞ்சினால் அடுத்த தாளுக்குப் போகக் கூடாது. முதலில் கரகரப்பான தாள், அப்புறம் அதைவிட மெல்லியது, அப்புறம் தொட்டால் தாள் என்றே தெரியாத ஒன்று, கடைசியில் பட்டுத் துணியில் வெள்ளைச் சாந்து. அவசரப்பட்டால் போச்சு. அந்தக் கறுப்புத் துண்டுக்குள் எத்தனை லட்சம் இழைகள் இருக்கும்? பத்து இழையை வரிசையாகப் படுக்க வைத்தால் ஒரு தலைமுடியின் தடிமன். இந்த வேலைக்குச் சேர்ந்த புதிதில் மனைவி சுலோசனாவுக்கு இதைப் புரியவைக்க அவர் தென்னந்துடைப்பத்தை உருவித்தான் காட்டினார். ஒற்றை ஈர்க்கை இரண்டு கையாலும் பிடித்து இழு, அறுமா? அறாது. அதையே நட்டு வைத்து மேலிருந்து அழுத்து, வளைந்து போய்விடும். கட்டாகக் கட்டி அழுத்து, நிற்கும். ஏன் நிற்கிறது? ஒவ்வொரு ஈர்க்கும் பக்கத்து ஈர்க்கின் தோளைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. கார்பன் இழைக்குப் பிசின்தான் அந்தப் பிடிமானம். இழுத்தால் எஃகையும் மிஞ்சும். அழுத்தினால், நேராக நிற்கும் வரைக்கும்தான். வார்க்கும்போது எங்காவது ஓர் இடத்தில் இழை கண்ணுக்குத் தெரியாமல் நெளிந்து கிடந்தால், அழுத்தம் அந்த நெளிவைத்தான் முதலில் கண்டுபிடிக்கும். நெளிந்தது இன்னும் நெளியும், பக்கத்து இழைமேல் சாயும், பிசின் விட்டுக்கொடுக்கும், அப்புறம் ஒரு கண் இமைப்பில் அத்தனையும் ஒரே பக்கம் சாய்ந்து, ஒவ்வொன்றும் இரண்டு இடத்தில் முறிந்து, சாய்வாக ஒரு மடிப்புப் பட்டை விழுந்துவிடும். முன்னால் எச்சரிக்கை எதுவும் கிடையாது. சுலோசனா துடைப்பத்தைப் பிடுங்கிக்கொண்டு, இதுக்கா மாசம் பூராவும் ஆபீஸ் போறீங்க என்றாள். ஒருத்தர் முன்பாதத்தை ஊன்றித் தள்ளி நடக்கும்போது பாதத்தின் அடிப்பக்கம் இழுபடும், மேல்பக்கம் அழுந்தும். அடியில் கல் குத்தியோ கீறியோ உடைந்திருந்தால் இழைமுனைகள் பழைய பல் துலக்கி மாதிரி சிலிர்த்துக் கிடக்கும். கால் செய்த கம்பெனிக்காரர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள், உபயோகிப்பவரின் கவனக்குறைவு, அதனால் மாற்றுக் கால் தர முடியாது. மேல்பக்கம் நெளிந்த இடத்தில் மடிப்பு விழுந்திருந்தால் கால் செய்யும்போதே கெட்டது, அவள் மேல் குற்றமில்லை, புதுக் கால் தந்தாக வேண்டும். இதைத்தான் பார்த்துச் சொல்லச் சொல்லியிருக்கிறார்கள். ஆய்வகத் தலைவி கோதைநாயகி மேடம் பெங்களூருக்குப் போகும்முன் ஃபோனில் சொன்னது, தெளிவா தெரிஞ்சா எழுதுங்க அண்ணா, இல்லேன்னா காரணம் உறுதி செய்ய இயலவில்லைன்னு போட்டு அனுப்பிருங்க, யாருக்கும் சங்கடம் இல்ல. அந்த நான்கு வார்த்தையை எழுதினால் கம்பெனிக்குச் சங்கடம் இல்லை, மேடத்துக்குச் சங்கடம் இல்லை, தெய்வசிகாமணிக்கு எல்லோரையும்விடச் சங்கடம் இல்லை. மடிப்பு என்று எழுதினால் அந்த வார்ப்பின் பழைய சோதனைத் தாளை எடுப்பார்கள். அதில் அவர் கையெழுத்து இருக்கிறது. கழுவு. சாய்த்துப் பார். இன்னும் கீறல் தெரிகிறது.

அந்தச் சோதனை நடந்தது ஒரு சஷ்டியன்று. அவர் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் விரதம். மாதாமாதம் இருப்பதுதான், ஆபீஸில் யாருக்கும் சொல்வதில்லை. சொன்னால் அன்றைக்கு முழுக்க முகத்தைப் பார்த்து இது சாப்பிட ஆகுமா ஆகாதா என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள். வார்ப்போடு சேர்த்துச் செய்த ஒரு தகட்டிலிருந்து விரல் நீளத்துக்கு எட்டுத் துண்டு அறுத்திருந்தார்கள், சோதனைக்கு ஆறு, உபரி இரண்டு. ஒவ்வொரு துண்டையும் இரண்டு முனையிலும் எஃகுப் பிடிக்குள் வைத்து, நடுவில் ஒரு சென்டிமீட்டர் மட்டும் வெறுமனே விட்டு, மேலிருந்து அழுத்த வேண்டும். துண்டு மயிரளவு கோணலாக உட்கார்ந்தாலும் பாரம் ஒரு பக்கமாக ஏறி, உடைய வேண்டியதற்கு முன்னாலேயே உடைந்துவிடும். அப்படி உடைந்ததைக் கணக்கில் சேர்க்கக் கூடாது, கோணல் என்று எழுதித் தள்ளிவிட்டு உபரியில் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். நல்ல விதிதான். வைத்தவன் கையின் குற்றத்தைப் பொருளின் தலையில் கட்டக் கூடாது என்பதற்காக வந்த விதி. அன்றைக்குக் கம்பெனியிலிருந்து இரண்டு பேர் வந்து பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிடியின் திருகை முடுக்கும்போது அவர் கை நடுங்கியது, பசி நடுக்கம், திருகாணிச் சாவி எஃகில் பட்டு டகடகவென்று சத்தம் போட்டது. அந்தப் பக்கம் வந்த கோதைநாயகி மேடம் நின்று, என்ன அண்ணா, மெசின் ஆடுதா, நீங்க ஆடறீங்களா என்றார். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை, அவர் எல்லோரிடமும் அப்படித்தான். வந்த இருவரும் சிரித்தார்கள். தெய்வசிகாமணியும் சிரித்தார். சிரித்த வாய் மூடுவதற்குள் முதல் துண்டு டக்கென்று போய்விட்டது, இருக்க வேண்டிய பலத்தில் பாதிக்குக் கொஞ்சம் மேலே. இரண்டாவது, அதே. ஒருத்தர் கைபேசியைப் பார்த்தார், இன்னொருத்தர் கூரையைப் பார்த்தார். காது மடல் கொதித்தது. ஒன்று, இரண்டு, இரண்டுக்கும் நேரே கோணல், கணக்கில் சேராது என்று எழுதினார். உபரி இரண்டும் சேர்த்து மற்ற ஆறும் ஒழுங்காக நின்று உடைந்தன, சராசரி அருமையாக வந்தது, கைகுலுக்கிவிட்டுப் போனார்கள். அந்த முதல் இரண்டும் தகட்டின் ஓரத்திலிருந்து அறுத்தவை. ஓரத்தில்தான் இழை நெளியும், இது அவருக்குத் தெரியாததில்லை. உடைந்த இரண்டையும் மைக்ராஸ்கோப்புக்குக் கீழே வைத்திருந்தால் அரைமணி நேரத்தில் தெரிந்திருக்கும், கையின் குற்றமா தகட்டின் குற்றமா என்று. வைக்கவில்லை. தன் கையின் அவமானத்தை இரண்டாம் தடவை பெரிதாக்கிப் பார்க்க யாருக்கு மனசு வரும்? குப்பைத் தொட்டியில் போட்டார். ஆறு மணிக்குக் கோயிலுக்குப் போய், அப்புறம் வீட்டில் இலை போட்டு உட்கார்ந்து சாப்பிட்டார். ரசம் நன்றாக இருந்தது, அதுகூட நினைவிருக்கிறது. அதற்கப்புறம் வந்த புதன்கிழமை… தாள் தேய்ந்துவிட்டது, மாற்ற வேண்டும்.

புதுத் தாளை நனைத்துத் தட்டில் ஒட்டவைத்துக்கொண்டிருந்தபோது ஊன்றுகோல் சத்தம் கேட்டது. கதவருகே சலேத்மேரி. வெறுங்காலுக்குப் பக்கத்தில், சேலைக்குக் கீழே ஒன்றுமில்லாத இடம். உள்ளே வரலாமா என்று கேட்காமல் வாசல்படியிலேயே நின்றாள். கழிவறை எங்கே என்று கேட்க வந்திருப்பாள் என்று நினைத்து அவர் வலது பக்கம் கை காட்டினார். அவள் நகரவில்லை.

“அண்ணே, ஒண்ணு சொல்லணும். நான் அந்த ஃபாரத்துல பொய் எழுதிக் குடுத்துட்டேன்.”

அவர் குழாயை மூடினார்.

“நடந்து போகையில ஒடஞ்சுதுன்னு எழுதிருக்கேன்ல. நடக்கையில இல்ல. எங்க அண்ணன் மக கல்யாணம், எஸ்டேட்டு லைன் வீட்டு முன்னால பந்தல் போட்டு பாட்டு வச்சிருந்தாங்க. எல்லாரும் ஆடுனாங்க. நானும் ஆடிட்டேன்.”

கால் போய் ஆறு வருஷத்தில் அன்றைக்குத்தான் முதல் தடவை ஆடினாளாம். தேயிலை மூட்டை ஏற்றுகிற லாரி பின்னால் வந்து ஏறியதில் கணுக்காலோடு போனது. அதற்கு முன்னால் எஸ்டேட்டில் மாதா திருவிழா என்றால் அவள் ஆடாமல் முடியாது. அண்ணன் மகள் கையைப் பிடித்து இழுத்தாள், கொஞ்சம் ஆடினாள், நன்றாகத்தான் இருந்தது, அப்புறம் குதித்தும் ஆடினாள். டக்கென்று ஒரு சத்தம், பட்டாசு என்று நினைத்துக்கொண்டாளாம். “பாத்தா கால் அந்தப் பக்கம் போகுது, நான் இந்தப் பக்கம் போறேன்.” சொல்லிவிட்டு அவளே சிரித்தாள், சிரிப்பு பாதியில் நின்றது. மாப்பிள்ளை வீட்டார் முன்னால் பொத்தென்று விழுந்தாள். பொண்ணோட அத்தை ஒத்தக் கால்ல குதிக்கிறாளேன்னு ஒரு கிழவர் சொன்னார். அது பரவாயில்லை, ஓசியில் கொடுத்த காலை இப்படி ஆட்டம் போட்டு உடைத்தாள் என்று தெரிந்தால் இனி எஸ்டேட்டில் யாருக்குமே தரமாட்டார்கள் என்று கங்காணி சொன்னதால்தான் அப்படி எழுதிக் கொடுத்தாளாம்.

“நீங்க மத்தியானத்துலேருந்து நிமிராம தேச்சுக்கிட்டு இருக்கீக. கதவுக் கண்ணாடி வழியா பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். என் பொய்க்காக ஒரு மனுசன் இம்புட்டு பாடுபடுறாரேன்னு எனக்குப் பொறுக்கல. நான் பண்ணுன தப்புன்னே எழுதிருங்க.”

ஆடினால் உடையாது. அறுபது கிலோ ஆள் மாடியிலிருந்து குதித்தாலொழிய அந்தப் பாதம் உடையக் கூடாது, அப்படித்தான் கணக்குப் போட்டுச் செய்வது. இதை அந்த நிமிஷமே அவர் சொல்லியிருக்கலாம். சொன்னால் அடுத்த கேள்வி, அப்போ ஏன் ஒடஞ்சுதுண்ணே. உக்காருங்கம்மா, முடிச்சுட்டுக் கூப்பிடறேன் என்று மட்டும் சொல்லிவிட்டுக் குழாயைத் திறந்தார். அவள் தலையாட்டிக்கொண்டு போனாள். சொல்லிவிட்ட தோள்கள் எவ்வளவு லேசாகப் போகின்றன. ஊன்றுகோலின் சத்தம்கூட வந்தபோது இருந்ததுபோல் இல்லை.

இருபது. திருப்பு. அவள் செய்த பொய் ஒரு வரி, அதுவும் பல நாள் தூக்கத்தைக் கெடுத்திருக்கும், வாசல்படியில் நின்று இரண்டு நிமிஷத்தில் இறக்கி வைத்துவிட்டாள். அவருடையது? அவருடையதும் ஒரு வரிதான். ஒரு வரிகூட இல்லை, மூன்று வார்த்தை. அன்றைக்கு எழுதும்போது பொய் என்று தெரியாது, கை கோணலாக வைத்தது என்று மனசார நம்பித்தான் எழுதினார், இதை மூன்று வருஷமாக அவர் தனக்கே சொல்லிக்கொண்டு வருகிறார், குளிக்கும்போது, பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நிற்கும்போது, யாராவது சிகாமணி அண்ணா கை வைத்தால் தப்பாது என்று புகழும்போது. நம்பித்தான் எழுதினேன். பசி. நடுக்கம். ஆனால் புதன்கிழமை. சரி, புதன்கிழமைக்கே போ, எத்தனை தடவை தாள் மாற்றுவாய். அறிக்கை போய் ஐந்தாவது நாள், புதன்கிழமை காலை, மெசினுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை நேர் பார்க்கிற வேலை. உரசிப் பளபளவென்று இருக்கும் எஃகுக் கட்டையைப் பிடிக்குள் வைத்து இரண்டு பக்கமும் அளந்தார். கோணல் இல்லை. சுத்தமாக இல்லை. மறுபடி வைத்துப் பார்த்தார். வேண்டுமென்றே கையை நடுங்க விட்டு, திருகைத் தாறுமாறாக முடுக்கிப் பார்த்தார், அப்போதும் கட்டை நேராகத்தான் உட்கார்ந்தது, அந்த வருஷம் புதிதாக வாங்கிய பிடி அப்படி அமைத்தது, எப்படி முடுக்கினாலும் தானாக நேருக்கு வந்துவிடும். அப்படியானால் அந்த இரண்டு துண்டும். அங்கே நின்றுகொண்டு அவருக்கு முதலில் வந்தது நிம்மதி. இதை யாரிடமும் சொல்ல முடியாது. என் கை சரியாகத்தான் இருக்கிறது என்ற நிம்மதி. இரண்டாவதாகத்தான் மற்றது, கெட்டது தகடுதான் என்பது, வந்தது, வந்து நின்றது, அவர் எஃகுக் கட்டையை எண்ணெய்த் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்தார், நேராக உள்ளது என்று பதிவேட்டில் எழுதினார், டீ குடிக்கப் போனார். அன்றைக்கே ஃபோன் எடுத்து, அந்த ரெண்டையும் கணக்கில் சேர்க்கணும், தகட்டோட ஓரம் சரியில்ல, வார்ப்பை நிறுத்துங்க என்று சொல்லியிருந்தால் ஒரு வாரம் முகம் சுருங்கியிருக்கும். அவ்வளவுதான். நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தார். நாளைக்குச் சொன்னால், நேற்றே ஏன் சொல்லவில்லை என்று வரும். அடுத்த வாரம் சொன்னால் ஒரு வாரம் ஏன். ஒவ்வொரு நாளும் சொல்ல வேண்டியது கொஞ்சம் பெரிதாகிக்கொண்டே போனது, அவர் அப்படியே இருந்தார். மணி மூன்றேகால். அலமாரியில் நூற்றிருபதாம் எண் தாள் இருக்கிறது, அடுக்கிலேயே மிகக் கரகரப்பு. இந்த நிலையில் அதில் நான்கு தேய்ப்புத் தேய்த்தால் மேல்விளிம்பில் முறிந்து நிற்கும் சின்னச் சின்ன இழைத் துணுக்குகள் பிய்ந்து தண்ணீரோடு போய்விடும். குழிதான் மிஞ்சும். குழியைப் பார்த்து யாரும் எதையும் சொல்ல முடியாது, காரணம் உறுதி செய்ய இயலவில்லை, அப்போது அது பொய்கூட இல்லை. தாளை எடுத்தார். நனைத்தார். தட்டில் ஒட்டவைத்தார். கட்டைவிரலால் விளிம்பை நீவினார், காற்றுக் குமிழ் இல்லாமல். அவருக்கே வியப்பாக இருந்தது, எவ்வளவு நிதானமாக, எவ்வளவு ஒழுங்காக நீவுகிறோம் என்று. கெட்ட காரியத்தைக்கூட இந்தக் கை முறைப்படிதான் செய்யும். வில்லையைத் தாளின்மேல் வைத்தார். தண்ணீர் இரண்டு பக்கமும் பிரிந்து ஓடியது. அழுத்தவில்லை. ஒரு திசையில் இருபது என்று எதற்குக் கற்றுக்கொண்டாய், கீறலைப் போக்குவதற்குத்தானே, கீறுவதற்கா. அவள் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்றாளே. இப்போதும் பார்த்துக்கொண்டிருப்பாள். எந்தத் தாள் என்ன தாள் என்று அவளுக்குத் தெரியாது. அவள் பார்வைக்கு, அவளுக்காகப் பாடுபடுகிற ஒரு மனுசன். முதுகு அப்படியே கூசியது. சட்டையில்லாமல் தெருவில் நிற்கிற மாதிரி. வில்லையைத் தூக்கினார், தாளை உரித்து நான்காகக் கிழித்து, ஈரத்தோடு குப்பையில் போட்டார்.

மெல்லிய தாள், அதைவிட மெல்லியது, பட்டுத் துணி, சாந்து. நான்கு மணிக்கு வில்லையைக் கழுவி ஊதி உலர்த்தி மைக்ராஸ்கோப்புக்குக் கீழே வைத்தார். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் குனிந்தார். முதலில் மங்கல், திருகைத் திருப்பத் திருப்ப இழைகள் ஒவ்வொன்றாக எழுந்து வந்தன, வெள்ளிக் கம்பிகளை அடுக்கினாற்போல். அடிப்பக்கம் சீராக இருந்தது, கல் பட்ட தடமில்லை, கீறலில்லை. மெதுவாக மேல்பக்கம் நகர்த்தினார். கம்பிகள் நேராக வந்து, நேராக வந்து, ஓரிடத்தில் லேசாக நெளிந்தன, படுக்கை விரிப்பின் ஓரம் சுருங்கினாற்போல. அந்த நெளிவின் முதுகில் சாய்வாக ஒரு பட்டை. பட்டைக்குள் அத்தனை இழையும் ஒரே பக்கம் சாய்ந்து, ஒரே அளவில் முறிந்து, படி படியாக இறங்கின. கன கச்சிதம். பாடப்புத்தகத்தில் போடலாம். இவ்வளவு தெளிவாக ஒரு மடிப்பை அவர் வாழ்நாளில் நான்கைந்து தடவைதான் பார்த்திருப்பார். குப்பைத் தொட்டிக்குப் போன அந்த இரண்டு துண்டிலும் இதுதான் இருந்திருக்கும். படம் எடுத்தார். அளவுகோல் போட்டார். அறிக்கையில் என்ன பார்த்தாரோ அதை எழுதினார், நான்கு வரி. ஐந்தாவது வரியாக, இதே வார்ப்பின் மூன்று வருஷத்துக்கு முந்தைய சோதனையில் ஒன்று, இரண்டு எண்ணுள்ள துண்டுகள் தவறாக விலக்கப்பட்டன என்று எழுதி, விலக்கப்பட்டன என்பதை மறுபடி படித்துப் பார்த்தார். யாரோ விலக்கினாற்போல் இருந்தது. அடித்துவிட்டு, நான் தவறாக விலக்கினேன் என்று எழுதினார். பிறகு வரவேற்பறைக்குப் போனார். காவலாளி டீ வாங்கப் போயிருந்தான், அவள் மட்டும் இருந்தாள். எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

“நீங்க ஆடுனதால ஒடையலீங்க. செய்யும்போதே உள்ள இழை நெளிஞ்சு போயிருக்குது. ஆடாட்டியும் ஒரு நாளைக்கு, படி எறங்கும்போதோ பஸ் ஏறும்போதோ, போயிருக்கும்.”

அவள் மூச்சு விட்ட சத்தம் கேட்டது. ஏசுவே என்றாள். சேலைத் தலைப்பை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள், நிஜமாவா அண்ணே, எழுதித் தருவீகளா என்றாள். எழுதியாச்சு என்றார். இங்கேயே நிறுத்திவிடலாம் என்று தோன்றியது, நல்ல இடம், அவள் முகமும் மலர்ந்திருக்கிறது. நிறுத்தவில்லை. நிறுத்தினால் நாளைக்குச் சொல்லலாம் என்று ஆகிவிடும்.

“இன்னொண்ணு இருக்குதுங்க. அந்தக் கால் வர்றதுக்கு முன்னால அதைச் சோதிச்சுப் பாத்தது நான்தான். ரெண்டு துண்டு சீக்கிரமா ஒடஞ்சுது. என் கை நடுங்கி ஒடச்சுட்டேன்னு நெனச்சு, வெளிய தெரிஞ்சா அசிங்கம்னு, சேர்க்காம விட்டுட்டேன். அஞ்சு நாள் கழிச்சு என் கை மேல தப்பில்லேன்னு தெரிஞ்சுது. அப்பவும் நான் சொல்லலீங்க.”

சொல்லி முடித்துவிட்டுத் தரையைப் பார்த்தார். திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். அல்லது, பரவால்லண்ணே என்பாள். அது அதைவிட மோசமாக இருக்கும். இரண்டுக்கும் தயாராகத்தான் வந்திருந்தார், சாந்து தேய்க்கும்போதே இரண்டுக்கும் பதில்கூட யோசித்து வைத்திருந்தார். அவள் இரண்டையும் சொல்லவில்லை. விரலில் எதையோ எண்ணுகிறவள் மாதிரி இருந்தாள்.

“அந்தத் தடவை எத்தன காலு செஞ்சாங்க?”

“அறுபத்தி நாலு.”

“அது அத்தனையும் இப்ப நடந்துக்கிட்டு இருக்குமே அண்ணே.”

தெய்வசிகாமணி நிமிர்ந்து பார்த்தார். மூன்று வருஷம். குளிக்கும்போது, பஸ்ஸில், தேய்க்கும்போது. அவர் கை, அவர் கையெழுத்து, அவர் முகம், அவர் மூன்று வார்த்தை. ஒரு தடவைகூட, ஒரே ஒரு தடவைகூட, அறுபத்து நான்கு பேர் அவர் நினைப்பில் நடந்து வந்ததில்லை. பட்டியல் கம்பெனியில் இருக்கும், நாளைக்கு மேடம் வந்ததும் கேட்டு வாங்க வேண்டும் என்று தட்டுத் தடுமாறிச் சொன்னார். அவள் அதற்குள் ரவிக்கைக்குள்ளிருந்து ஒரு சின்ன ஃபோனை எடுத்திருந்தாள். கால் கொடுத்த முகாமில் அவளுக்கு அடுத்ததாக உட்கார்ந்து அளவு கொடுத்தவர் ஒருவர், ஆனைமலைப் பக்கம், நாச்சிமுத்து என்று பேர், கொத்து வேலை செய்கிறவர், பொங்கலுக்குப் பொங்கல் பேசிக்கொள்வார்களாம், கால் எப்படி இருக்கு என்று. எண்ணைத் தேடி அழுத்தி, காதில் வைக்காமல் அவரிடம் நீட்டினாள்.

“நீங்களே சொல்லுங்க. எனக்குச் சரியா சொல்ல வராது.”

மணி அடித்துக்கொண்டிருந்தது. நான்கு, ஐந்து. எடுக்கமாட்டார் என்று நினைத்த நேரத்தில் ஓர் ஆண் குரல், பின்னால் ஜல்லி கொட்டுகிற சத்தம், கலவை மெசின் சத்தம்.

“அலோ, மேரியக்காவா?”

“இல்லீங்க, அவங்க பக்கத்துல இருக்காங்க. என் பேரு தெய்வசிகாமணிங்க. கோயமுத்தூர்ல, உங்க காலைச் சோதிச்சு அனுப்பிச்சவன். இப்ப நீங்க எங்க இருக்கீங்க?”

“வேலைலதானுங்க. ரெண்டாவது மாடி, சாரத்து மேல. ஏனுங்க?”

தெய்வசிகாமணி எழுந்து நின்றார்.

“கீழ எறங்கி வந்துருங்க. அந்தக் கால ஊனித் தள்ளாம, ரெண்டு கையாலயும் புடிச்சு, மெதுவா எறங்குங்க. ஃபோனைப் பையில போட்டுக்குங்க, கட் பண்ண வேண்டாம். நான் லைன்லயே இருக்கறனுங்க.”

அந்தப் பக்கம் துணி உரசுகிற சத்தம், யாரையோ பார்த்து, டேய் அந்தப் பலகையக் கொஞ்சம் புடி என்ற குரல், அப்புறம் மூங்கில் கிறீச்சிடுவது, ஒவ்வொரு படியாக.